பைக் ஏற்றும் முன் தரையைப் பாருங்கள்

பிக்கப்பில் பைக் ஏற்ற நாலு ஆள் வேண்டும் என்பதுதான் எங்கள் பக்கத்தில் இன்னும் நடைமுறை. டீக்கடையில் நிற்பவர்களைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு மூலையைப் பிடிக்கச் சொல்லி, ஒரே தூக்காகத் தூக்கி வைப்பார்கள். ஸ்ப்ளெண்டர் என்றால் அது நடக்கும். எடை 112 கிலோதான், பங்கு வைத்தால் ஆளுக்கு 28 கிலோ. புல்லட்டில் அந்தக் கதை நடக்காது. புல்லட் வகையில் இப்போது வரும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் எடையே 195 கிலோ. எடையாவது பரவாயில்லை, பிடிக்க இடம் இருக்காது என்பதுதான் பெரிய தொல்லை. ஒருவர் சைலன்சரில் கை வைத்துச் சுட்டுக்கொள்வார், இன்னொருவர் பிடித்த இண்டிகேட்டர் கையோடு வந்துவிடும், பின்னால் குனிந்து தூக்கியவர் மறுநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு நடப்பார்.

எனக்குச் சொந்தமாக ஒரு பிக்கப் இருக்கிறது. குலசேகரம், திருவட்டாறு பக்கத்து விளைகளிலிருந்து (தோட்டங்களிலிருந்து) வாழைக்குலை ஏற்றி மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் கொண்டுபோவதுதான் முக்கிய ஓட்டம். ஏத்தனும் செந்துளுவனும் மட்டியும் ஏற்றிப் பழகிய வண்டி. ஆனால் வண்டி வைத்திருப்பவன் வீட்டு முற்றத்தில் ஊரே வந்து நிற்கும். "அண்ணே, பேச்சிப்பாறை ரோட்டுல வண்டி நின்னுபோச்சு, கொஞ்சம் எடுத்துத் தாங்களேன்" என்று வருகிறவனிடம் முடியாது என்று எப்படிச் சொல்ல? அப்படிப் போய்ப் போய்த்தான், பைக்கை உருட்டி ஏற்றுகிற சாய்வுப் பலகையாக ஒரு ரேம்ப் செய்துகொண்டேன். இப்போது நானும் கூட ஒருவரும் இருந்தால் போதும், எந்த பைக்கும் ஏறிவிடும். அதில் பாதி ரேம்ப்பின் புண்ணியம், மீதி தரையின் புண்ணியம். ரேம்ப்பைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், தரையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதனால் தரையிலிருந்தே தொடங்குகிறேன்.

கணக்கு சின்னதுதான். பைக்கின் எடையை ஏற வேண்டிய உயரத்தால் பெருக்கி, பலகையின் நீளத்தால் வகுத்தால், எவ்வளவு பலம் கொடுத்துத் தள்ள வேண்டும் என்பது ஏறக்குறைய கிடைத்துவிடும். என் வண்டியின் தட்டு, அதாவது சரக்கு ஏற்றும் தளம், தரையிலிருந்து 2¾ அடி உயரம். 6 அடிப் பலகை போட்டு புல்லட்டை ஏற்றினால் 90 கிலோ அளவுக்குத் தள்ள வேண்டும். அதே இடத்தில் 8 அடிப் பலகை போட்டால் 67 கிலோவாகக் குறையும். இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான், பலகை நீளமாக இருந்தால் ஏற்றம் லேசு. ஆனால் பலகையை 12 அடிக்கும் 14 அடிக்கும் நீட்டிக்கொண்டே போக முடியாது. வளையும், கனக்கும், வைக்க இடமும் இருக்காது. உயரத்தைக் குறைப்பதற்கு ஒரு காசு செலவில்லை. பிக்கப்பின் பின்சக்கரம் பள்ளத்திலும், பலகையின் கால் மேட்டிலும் வருகிற மாதிரி நிறுத்தினால் 2¾ அடி ஒன்றரை அடியாகிவிடும். அப்போது 8 அடிப் பலகையில் புல்லட்டுக்கு வேண்டிய பலம் 37 கிலோ. சமதரையில் ஸ்ப்ளெண்டரை ஏற்றவே 38 கிலோ பலம் வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் நூறு அடி சமதரையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ரோடு தாழ்ந்து கிடக்கும், விளை மேலே இருக்கும், நடுவில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கையாலை நிற்கும். ரப்பர் தோட்டத்துக்குள் போகிற வழியெல்லாம் ஒரு பக்கம் வெட்டி இறக்கியதுதான். அந்தத் திட்டு தட்டின் உயரத்துக்கு வருகிற இடமாகப் பார்த்து, வண்டியை ரிவர்ஸில் கொண்டுபோய் ஒட்டி நிறுத்தினால் ரேம்ப் என்ற பேச்சே வேண்டாம். நடுவில் ஒரு குட்டைப் பலகையைப் போட்டு பைக்கை உருட்டிக்கொண்டு போகலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் திட்டின் விளிம்பு செம்மண் ஊறிப்போய் இருக்கும், பைக்கின் பின்சக்கரம் ஏறும்போது அப்படியே சரிந்துவிடும். நம் ஊரில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்று வருஷத்தில் பாதி நாள் மண் ஈரம்தான். பலகை விளிம்பைத் தாண்டி உள்ளே இரண்டு அடியாவது படுத்திருக்க வேண்டும்.

நாஞ்சில் நாட்டுப் பக்கம் போனால் வயல், சமதரை. அங்கே சானல் (பாசனக் கால்வாய்) கரைதான் கை கொடுக்கும். தோவாளைப் பக்கத்தில் ஒரு பைக்கை எடுக்கப் போனபோது, சானல் கரையிலிருந்து வயலுக்கு இறங்குகிற வண்டித்தடத்தில் பிக்கப்பின் மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்தி, கரை மேலிருந்தே பைக்கைத் தள்ளி ஏற்றினோம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உதவிக்கு வந்து சேருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

எப்போதும் மூக்கு இறக்கத்தைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். பின்பக்கம் தரை ஏறிக்கொண்டு போனால் பலகை படுக்கும், பின்பக்கம் இறங்கிக்கொண்டு போனால் பலகை செங்குத்தாகிவிடும். அவசரத்தில் ரோட்டோரம் நிறுத்தும்போது இதை யாரும் பார்ப்பதில்லை. மூக்கு கீழே இருக்கும்போது பிக்கப் தானாக முன்னால் உருளப் பார்க்கும் என்பதால், ஹேண்ட்பிரேக் போட்டு, கியரிலும் விட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னால் பெரிய கல்லாக அணை கொடுக்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. பைக்கைத் தள்ளும் பலம் முழுக்க பிக்கப்பின் மேல்தான் போகிறது. பக்கவாட்டில் சாய்வு இருக்கிற இடம் ஆகவே ஆகாது. பலகையும் ஒரு பக்கம் சாயும், பைக்கும் அந்தப் பக்கமே போகும்.

இனி ரேம்ப். முதலில் மரப்பலகை என்றுதான் எல்லோரும் போவார்கள். நம் ஊரில் மரத்துக்கா பஞ்சம்? ரப்பர் பலகை மலிவாகக் கிடைக்கும், ஆனால் மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் விடாது. வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே மாவாகியிருக்கும். தென்னையில் வெளிப்பக்கம் வைரம், உள்பக்கம் சோறு, எந்தப் பகுதியில் அறுத்த பலகை என்று தெரியாமல் ஏறக்கூடாது. அயினிதான் சரி. 2 இஞ்சு கனம், 1 அடி அகலம், 8 அடி நீளத்தில் கணுவில்லாத அயினிப் பலகை புல்லட்டைத் தாங்கும். ஆனால் 20 கிலோவுக்கு மேல் கனக்கும், மழையில் நனைந்தால் வழுக்கும். அந்த வழுக்கலுக்கு, பெயின்ட் அடித்து அது காய்வதற்குள் மணலைத் தூவிவிடுவது எளிய வழி. கயிற்றைக் குறுக்கே சுற்றி, பக்கத்தில் ஆணி அடித்தாலும் நல்ல பிடிப்பு கிடைக்கும். இரண்டையும் செய்து பார்த்ததில் மணல்தான் நாள்பட நிற்கிறது, கயிறு ஒரு மழைக்காலத்தில் இற்றுப்போகிறது.

என்னுடைய ரேம்ப் இரும்பு. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் செய்தது. 2-க்கு 1 இஞ்சு பைப், 2 மில்லிமீட்டர் கனம், இரண்டு பக்கமும் 8 அடி நீளம். பைப் படுத்திருக்கக்கூடாது, 2 இஞ்சு பக்கம் நெட்டுக்கு நிற்க வேண்டும், அப்போதுதான் வளையாது. பட்டறைக்காரர் அகலமாக இருக்கட்டுமே என்று படுக்கப் போட்டுத்தான் முதல் புள்ளி வெல்டு அடித்தார், உடனே திருப்பிப் போடச் சொன்னேன். குறுக்கே முக்கால் இஞ்சு ஆங்கிள், 4 இஞ்சுக்கு ஒன்று. மேலே இரும்பு ஜாலி (வலை), பக்கத்து பைப்பின் விளிம்பு ஜாலிக்கு மேல் அரை இஞ்சு துருத்தி நிற்கும்படி கீழிறக்கி வைத்தது. அந்த அரை இஞ்சு வேலிதான் சக்கரம் ஓரம் போவதைக் கண்ணுக்கு முன்னால் கைக்குச் சொல்லிவிடும். மேல்முனையில் 4 இஞ்சு அகலத்தில் 6 மில்லிமீட்டர் பட்டை, அது தட்டின் மேல் படுத்துக்கொள்ளும். மொத்தம் ஏறக்குறைய 20 கிலோ, ஒருவரே தூக்கிப் போடலாம்.

மேல்முனையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சங்கிலித் துண்டு வெல்டு செய்திருக்கிறேன். கயிறு கட்டுவதற்காக வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் கொக்கிகளில் அவை மாட்டும். இந்த ரேம்ப்பில் ஏதாவது ஒன்றுதான் இருக்கலாம் என்றால் சங்கிலியை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுவேன். பைக்கின் பின்சக்கரம் இன்ஜின் பலத்தில் சுழன்று மேலே ஏறும்போது, அதே பலத்தில் பலகையைப் பின்னால் உதைக்கிறது. பாரம் ஏறியதும் பிக்கப்பின் பட்டை ஸ்பிரிங் ஒரு இஞ்சு இறங்கும், அதிலும் பலகை கொஞ்சம் நழுவும். கட்டாத பலகை விழுவது எப்போதும் ஒரே நேரத்தில்தான். முன்சக்கரம் தட்டில் ஏறி, பின்சக்கரம் பாதிப் பலகையில் இருக்கும்போது.

யூடியூபில் வெளிநாட்டு பிக்கப்களில் பின்கதவைத் திறந்ததும் தட்டோடு தட்டாக மேசை மாதிரி நிற்கும், அதன் மேலேயே ரேம்ப் போடுவார்கள். நம் வண்டிகளில் கதவு கீழே தொங்கிவிடும். அதைச் சங்கிலியில் மட்டமாக நிறுத்தி மேலே பைக்கை ஏற்றுவது ஆபத்து, கீல் அந்தப் பாரத்துக்கு ஆனதில்லை. கதவைத் தொங்கவிட்டு, பட்டையைத் தட்டின் மேலேயே உட்கார வையுங்கள்.

பலகை நீளத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. ஏற்றம் முடிந்து தட்டு தொடங்குகிற விளிம்பில் பைக்கின் அடிவயிறு இடிக்கும். கிளாசிக்கின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1390 மில்லிமீட்டர், அடிவயிற்றின் உயரம் 170 மில்லிமீட்டர். என் தட்டு உயரத்தில் 6 அடிப் பலகை போட்டால் விளிம்பைத் தாண்ட 165 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கினால் போதும், இடித்து நின்றுவிடும். 8 அடிப் பலகையில் 120 போதும். ஸ்கூட்டரில் அடிப்பகுதி இன்னும் தாழ்வு. இடித்து நின்ற பைக் முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. அந்த நிலையில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிடக் கொடுமை வேறில்லை.

ஏற்றுகிறவர் நடக்க இன்னொரு பலகை வேண்டும். இதை விட்டுவிட்டு ஒரே ஒரு ரேம்ப்போடு ஏற்றுகிறவர்கள்தான் அதிகம். பைக் மேலே போகப் போக, தரையில் நிற்கும் ஆளின் கை தோளுக்கு மேல் உயர்ந்துவிடும், அங்கே கைக்கு என்ன பலம் இருக்கும்? இரும்பு ரேம்ப்புக்கு இடதுபக்கமாக ஓர் அயினிப் பலகையைப் போட்டு, அதில்தான் நான் நடந்து ஏறுவேன். அதற்கும் கயிறு கட்டியாக வேண்டும்.

ஓட்டியே ஏற்றிவிடலாம் என்று சில இளவட்டங்கள் நினைக்கிறார்கள். மார்த்தாண்டத்தில் ஒரு பையன் அப்படி ஏற்றியதைப் பார்த்தேன். பாதி ஏற்றத்தில் த்ராட்டில் குறைந்து வண்டி நின்றது, பழக்கத்தில் காலை ஊன்றப் போனான், கீழே தரை இல்லை. பைக் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். நல்ல நேரம், பைக் அவன் மேல் விழவில்லை.

நாங்கள் செய்வது இதுதான். நான் இடதுபக்கம் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வேன். இன்ஜின் ஓடும் வண்டி என்றால் முதல் கியரில், கிளட்சை லேசாக விட்டு விட்டு, வண்டி தானாக ஊர்ந்து ஏற, நான் கூடவே நடப்பேன். கூட இருப்பவர் பின்னால் வலதுபக்கம் ஓரமாக நின்று, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் கை வைத்துத் தள்ளுவார். நேர் பின்னால் நிற்கவே கூடாது. பேச்சும் ஒருவருடையதுதான். "பைய... பைய... நில்லு" என்று நான் மட்டும்தான் சொல்வேன். ஆளுக்கொரு யோசனை சொல்லும் கூட்டம் சேர்ந்தால், முதலில் அவர்களை டீ குடிக்க அனுப்பிவிடுவது நல்லது.

நடுவில் நிற்க வேண்டி வந்தால் முன்பிரேக்கைப் பிடித்தால் போதும் என்று நினைக்கிறோம். ஏற்றத்தில் பாரத்தில் பெரும்பகுதி பின்சக்கரத்துக்குப் போய்விடும், முன்சக்கரம் பூட்டிக்கொண்டே சறுக்கும். பின்பிரேக் வலதுகாலில், நாம் நிற்பதோ இடதுபக்கம். அப்போது கை கொடுப்பது கிளட்ச்தான். கில் சுவிட்சை அழுத்தி இன்ஜினை அணைத்து, முதல் கியரிலேயே இருக்க, கிளட்சை முழுதாக விட்டுவிட்டால் பின்சக்கரம் கல் மாதிரி நின்றுவிடும். இன்ஜின் ஓடாத வண்டியிலும் இது வேலை செய்யும். தள்ளும்போது கிளட்சைப் பிடிக்கலாம், மூச்சு வாங்கும்போது விடலாம். கிளட்சை விட்டுக்கொண்டு பாதிப் பலகையில் நின்று வியர்வை துடைத்திருக்கிறேன்.

ஸ்கூட்டரில் இந்த வித்தை பலிக்காது. இன்ஜின் நின்றதும் சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பு விட்டுவிடும். ஆனால் ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில் இருக்கிறது, இடதுகை பின்பிரேக். சரி, அது போதும்.

செயின் அறுந்த வண்டிக்கும் கிளட்ச் உதவாது. அருமனைக்கு உள்ளே ஒரு ரப்பர் விளையில் செயின் அறுந்து கிடந்த பழைய புல்லட்டை எடுக்கப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கூட வந்தவர் என் சித்தப்பா, வயது அறுபதைத் தாண்டியவர், அந்தக் காலத்தில் லாரியில் மரத்தடி ஏற்றியவர். அவர் பைக்கைத் தொடவே இல்லை. ஒரு நைலான் கயிற்றை முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியில் இரண்டு பக்கமும் சேர்த்துக் கட்டி, மறுமுனையைக் கேபினுக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, தட்டின் மேல் ஏறி நின்றுகொண்டார். "நீ தள்ளு மக்களே, நான் வாங்கிக்கிடுதேன்" என்றார். நான் ஒரு முழம் தள்ள, அவர் ஒரு முழம் கயிற்றை இழுத்து இறுக்குவார். இரண்டு சுற்று சுற்றிய கயிறு கம்பியோடு உராய்ந்து பிடித்துக்கொள்வதால், அந்த வயதில் அவரால் ஒற்றைக்கையில் புல்லட்டை நிறுத்தி வைக்க முடிந்தது. நடுவில் நான் வழுக்கி முழங்காலில் உட்கார்ந்தபோதும் பைக் ஒரு விரற்கடை பின்னால் வரவில்லை. அதன்பிறகு இன்ஜின் ஓடாத எந்த வண்டிக்கும் நான் கயிறு போடாமல் ஏற்றுவதில்லை. ஈரச் செம்மண்ணில் பலகையின் காலுக்குக் கீழே ஒரு தட்டைக் கல்லை வைப்பதும் அவர் சொன்னதுதான், இல்லையென்றால் கால் புதைந்து பலகை சாயும்.

ஏற்றிய பிறகு கட்டுவது. பெரும்பாலோர் மெயின் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் கயிறு சுற்றுகிறார்கள். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போடும்போது அத்தனை பாரமும் ஸ்டாண்டின் இரண்டு காலில் வந்து இறங்கும், ஸ்டாண்டு வளையும் அல்லது பைக் முன்னால் குதித்து ஸ்டாண்டு மடங்கும். சைடு ஸ்டாண்டு இன்னும் மோசம். இரண்டு சக்கரமும் தட்டில் நிற்க, முன்சக்கரம் கேபின் பக்கத்துப் பலகையில் முட்டி நிற்க வேண்டும், நடுவில் ஒரு பழைய டயரை வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியரில் விட்டுவிட்டு, முன்னால் இரண்டு பக்கமும் ரேச்சட் பெல்ட் (நெம்பி இறுக்கும் பட்டை). பெல்ட் மாட்டுவது ஹேண்டில்பாரின் நுனியில் அல்ல, நுனியில் இழுத்தால் ஹேண்டில்பார் திரும்பும், வளையும். ஃபோர்க்கின் இரண்டு குழாயையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ் இரும்பில் மாட்ட வேண்டும். முன் சஸ்பென்ஷன் பாதி அமுங்கும் வரை இறுக்கினால் போதும். முழுக்க அமுக்கி வைத்து நெடுந்தூரம் போனால் ஆயில் சீல் ஒழுக வாய்ப்புண்டு. பின்னால் இரண்டு பக்கமும் இன்னொரு ஜோடி, அது பின்பாகம் ஆடாமல் இருக்க மட்டும்தான். பெயின்டில் உராயும் இடத்தில் சாக்கோ பழைய டியூபோ கொடுங்கள். பெட்ரோலைத் திறந்து மூடும் டேப் இருக்கிற பழைய வண்டி என்றால் மூடிவிட வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றிவிடுவது நல்லது, அதற்கு ஐந்து நிமிஷம் ஆகாது.

பெல்ட் இல்லாமல் நைலான் கயிறுதான் என்றால், கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி ஒருமுறை இறுக்கியே ஆக வேண்டும், பாரம் ஏறியதும் கயிறு நீளும். நம் ரோட்டில் இரண்டு கிலோமீட்டருக்குள் அது தெரிந்துவிடும். பைக்கைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளைத் தட்டில் நிற்க வைப்பதை விட்டுவிடுங்கள். சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏறுவது சட்டப்படியும் தப்பு, திடீர் பிரேக்கில் பைக்குக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டப்போவது அந்த ஆள்தான். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போவதாக இருந்தால் பைக்கின் ஆர்சி, இன்ஷூரன்ஸ் நகல் கையில் இருக்கட்டும். அடுத்தவர் வண்டி உங்கள் வண்டியில் ஏன் இருக்கிறது என்று யாராவது கேட்டால் பதில் வேண்டும்.

ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்குப் போவது தனிக்கதை. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்க்குள் நுழைந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற மாதங்களில், பைக் மேல் தார்ப்பாய் போட்டு மூடினால் அது பாய்மரமாகிவிடும். தார்ப்பாய் படபடத்து அடித்தே டேங்கில் கீறல் விழும். மூடாமல் போவதுதான் உத்தமம்.

இறக்கும்போதும் முதல் வேலை தரையைப் பார்ப்பதுதான். ஒர்க்ஷாப்புகள் பெரும்பாலும் ரோட்டைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும், அதனால் பிக்கப்பின் பின்பக்கத்தை ஒர்க்ஷாப் முற்றத்தைப் பார்த்துத் திருப்பினாலே உயரம் குறைந்துவிடும். சங்கிலியும் கயிறும் மாட்டிய பிறகுதான் பெல்ட்டை அவிழ்க்க வேண்டும், அதுவும் ஒருவர் பைக்கைப் பிடித்திருக்கும்போது, ஒரு பக்கமாக, மெதுவாக. பின்சக்கரம் முதலில் இறங்கும். இன்ஜின் அணைந்து, முதல் கியரில், கிளட்சை ஒரு நூல் பிடித்து ஒரு நூல் விட்டு இறக்கினால், வண்டி அடி அடியாகத்தான் இறங்கும். ஏற்றுவதைவிட இறக்குவது சுலபம் என்று நினைத்து நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு. 195 கிலோ பின்னால் உருளத் தொடங்கினால் எதிரே நிற்க ஒருவராலும் முடியாது.

ரேம்ப்பை இரவல் கேட்டு வருபவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். கொடுக்கிறேன். அயினிப் பலகையையும் கூடவே எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறேன், பாதிப் பேர் "இது எதுக்கு அண்ணே, ஒண்ணு போதும்" என்று முற்றத்திலேயே சாத்தி வைத்துவிட்டுப் போகிறார்கள்.